பகுதிப் பணம் வந்த பிறகு பவுன்ஸ் ஆன செக்: நோட்டீஸில் எந்தத் தொகையைக் கேட்பது?

நிட்டிங்_ஜாப்ஒர்க் (திருப்பூர்)

வணக்கம். ஈரோட்டுப் பார்ட்னர்ஷிப் கம்பெனி ஒன்றுக்குத் துணி ஓட்டிக் கொடுத்த வகையில் 06.10.2025 தேதியிட்ட செக், தொகை 4,80,000 ரூபாய். செக் கம்பெனி பெயரில் இருக்கிறது. இரண்டு பார்ட்னரில் ஒருவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 17.10.2025 அன்று ஜிபேயில் 80,000 அனுப்பினார்கள். 10.11.2025-ல் செக்கை எங்கள் திருப்பூர் பேங்கில் போட்டோம். "ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்" என்று திரும்பிவிட்டது. அன்று சாயங்காலமே எஸ்.எம்.எஸ். வந்தது, செக் திரும்பியதற்கான பேங்க் மெமோ 11-ஆம் தேதி கைக்குக் கிடைத்தது.

நோட்டீஸில் 4,80,000 கேட்பதா, 80,000 கழித்து 4,00,000 கேட்பதா? கேஸ் திருப்பூரிலா, ஈரோட்டிலா? கையெழுத்துப் போடாத பார்ட்னரையும் சேர்க்கலாமா? புதுச் சட்டத்தில் எதிரியைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் கேஸையே எடுப்பார்கள் என்கிறார்கள், அது செக் கேஸுக்கும் உண்டா?

கடன்வசூல்_அனுபவம்

4,00,000 என்று போட்டு அனுப்புங்க. வாங்கினதைக் கழிச்சுக் கேட்டா நியாயமா இருக்கும், கோர்ட்டும் ஏத்துக்கும். பாக்கியைத்தானே கேட்கிறீங்க.

கொங்கு_வக்கீல்

தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள். நியாயமாகத் தெரிந்தாலும், செக் பவுன்ஸைக் குற்றமாக்கும் 138-வது பிரிவில் (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) அது கேஸையே முடித்துவிடும்.

நோட்டீஸில் கேட்க வேண்டியது செக்கில் எழுதியிருக்கும் தொகையை. 2025 செப்டம்பரில் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. செக் 1 கோடிக்கு, நோட்டீஸில் 2 கோடி என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள், ஏற்கவில்லை. செக் தொகையும் நோட்டீஸ் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நோட்டீஸ் செல்லாது என்று முடித்துவிட்டார்கள்.

அதற்காக 4,80,000 என்று உடனே போட்டுவிடவும் கூடாது. தசரத்பாய் திரிகம்பாய் பட்டேல் வழக்கு (2022) இருக்கிறது. செக் கொடுத்த பிறகு, பேங்கில் போடுவதற்கு முன், அந்தக் கடனில் ஒரு பகுதி வந்துவிட்டால், முழுத் தொகைக்கான அந்தச் செக் பேங்கில் போட்ட தேதியில் இருந்த கடனைவிட அதிகமாகிவிடுகிறது. அப்போது பவுன்ஸ் ஆனாலும் குற்றம் இல்லை. வந்த பணத்தைச் செக்கிலேயே 56-வது பிரிவுப்படி குறித்துவிட்டு மீதிக்குப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இன்று எல்லாச் செக்கும் படமெடுத்து க்ளியரிங் போகிற காலம், அப்படிக் குறித்த செக்கை மீதித் தொகைக்கு மட்டும் பாஸ் பண்ணவைப்பது நடைமுறையில் பெரும்பாடு. பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதிக்குப் புதுச் செக் வாங்குவதுதான் அந்த நிலையில் சரியான வழி.

ஆக உங்கள் கேஸ் ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: அந்த 80,000 எந்தக் கடனுக்கு வந்தது? மூன்று தகவல் வேண்டும். 17.10.2025 அன்று மொத்த பாக்கி எவ்வளவு? இந்தச் செக் எந்தெந்த பில்லுக்கு? பணம் அனுப்பும்போது ஜிபே குறிப்பிலோ வாட்ஸ்அப்பிலோ என்ன எழுதினார்கள்? இதைச் சொல்லுங்கள், பிறகு நோட்டீஸ் பற்றிப் பேசலாம்.

நிட்டிங்_ஜாப்ஒர்க் (திருப்பூர்)

நன்றிங்க சார். மொத்த பாக்கி 5,92,000. ஜூலை பில் 1,12,000. ஆகஸ்ட், செப்டம்பர் பில்கள் சேர்ந்து 4,80,000, அதற்குத்தான் செக். எல்லாம் டி.டி.எஸ். கழித்த தொகை. ஜிபேயில் குறிப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்தது இது: "பழைய பில்லுக்கு 80 போட்டிருக்கேன். செக் தீபாவளி கழிச்சுப் போடுங்க."

கொங்கு_வக்கீல்

அந்த ஒரு வரி உங்களுக்கு மிகப் பெரிய பலம். அதை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 59-வது பிரிவு: பல கடன் இருக்கும்போது, இந்தப் பணம் இந்தக் கடனுக்கு என்று கடனாளி சொல்லிக் கொடுத்தால் அந்தக் கடனுக்கே வரவு வைக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லாவிட்டால் 60-வது பிரிவுப்படி வாங்குகிறவர் விருப்பம். இரண்டு பேருமே எதுவும் செய்யவில்லை என்றால் 61-வது பிரிவு, பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். உங்கள் விஷயத்தில் மூன்று பிரிவில் எதை எடுத்தாலும் 80,000 ஜூலை பில்லுக்குத்தான் போகிறது. ஜூலையில் மீதி 32,000. செக்குக்கான 4,80,000 தொடப்படவே இல்லை. செக்கைப் போட்ட அன்று மொத்த பாக்கி 5,12,000. எனவே தசரத்பாய் தீர்ப்பு உங்களைத் தாக்காது.

ஆனால் நோட்டீஸில் 80,000 பற்றிப் பேசாமல் விட்டுவிடாதீர்கள். மறைத்தால் குறுக்கு விசாரணையில் ஜிபே ஸ்டேட்மென்ட்டைக் காட்டி "வாங்கினதை ஒளிச்சாரு" என்பார்கள், அதற்கு அப்புறம் நீங்கள் சொல்லும் விளக்கம் எடுபடாது. முதல் நோட்டீஸிலேயே பில் எண், தேதி, தொகை போட்டு, 17.10.2025-ல் வந்த 80,000 ஜூலை பில்லில் வரவு வைக்கப்பட்டது, மீதி 32,000 தனியாக வசூலிக்கும் உரிமை நிலுவையில் இருக்கிறது, இந்த நோட்டீஸ் செக் தொகையான 4,80,000-க்கு மட்டுமே என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "மொத்தம் 5,12,000-ஐ வட்டியோடு 15 நாளில் கட்டவும்" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் நோட்டீஸ் விழும். வட்டி, நோட்டீஸ் செலவு கேட்பதானாலும் தனிப் பத்தியில், செக் தொகை தனியாகத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

இனி தேதிக் கணக்கு. பேங்கிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். இந்த 30 நாளுக்கு மன்னிப்பே கிடையாது. மெமோ தேதிப்படி பார்த்தால் 11.12.2025 வரை. எஸ்.எம்.எஸ். 10-ஆம் தேதியே வந்திருப்பதால் எதிர்த்தரப்பு அதைப் பிடிக்கலாம், 10.12.2025 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. ஒருவேளை தவறினாலும், செக்கின் 3 மாத ஆயுள் ஜனவரி முதல் வாரம் வரை இருப்பதால் திரும்பப் போட்டுப் புது மெமோ வாங்கலாம், எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் தீர்ப்பு (2013) அதை அனுமதிக்கிறது.

நோட்டீஸ் கிடைத்த நாளை விட்டு 15 நாள். உதாரணமாக 20.11.2025-ல் கிடைத்தால் 05.12.2025 வரை அவர்களுக்கு நேரம். 06.12.2025-ல் வழக்குக் காரணம் பிறக்கிறது, அதிலிருந்து ஒரு மாதம். 05.01.2026-க்குள் தாக்கல் பண்ணிவிட்டால் கணக்குத் தகராறே வராது. அவசரப்பட்டு டிசம்பர் 4-ல் போட்டீர்கள் என்றால் கேஸ் நிற்காது. யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் (2014) 15 நாள் முடியும் முன் போட்ட புகார் புகாரே இல்லை என்று சொல்லியாயிற்று. தாமதமாகப் போட்டால் காரணம் காட்டி மன்னிப்பு மனுப் போட முடியும், முன்கூட்டிப் போட்டதற்கு அப்படி மனு கிடையாது.

இடம்: உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட், 2015 திருத்தத்துக்குப் பிறகு 142(2)(a) அதுதான். எனவே திருப்பூர். எதிரி ஈரோட்டுக்காரர் என்பதால் மாஜிஸ்திரேட் சம்மனுக்கு முன் ஒரு சின்ன விசாரணை நடத்த வேண்டியிருக்கும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 202, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 225). அதற்கு உங்கள் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களுமே போதும் என்று 2021-ல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

பார்ட்னர்கள்: கம்பெனியை முதல் எதிரியாகவும், கையெழுத்திட்டவரை இரண்டாவதாகவும் போடுங்கள். கையெழுத்துப் போடாத பார்ட்னரை மூன்றாவதாகச் சேர்க்க வேண்டுமானால் அவர் தினசரி வியாபாரத்தை எப்படி நடத்துகிறார் என்று புகாரில் எழுத வேண்டும்: ஆர்டர் கொடுத்தவர் அவரா, ரேட் பேசியவர் அவரா, நூல் அனுப்பியவர் அவரா. பார்ட்னர் என்ற ஒரே காரணத்துக்காக இழுத்தால் ஹைகோர்ட்டில் ரத்து மனுப் போட்டு வெளியே போய்விடுவார், அதுவரை உங்கள் கேஸும் தேங்கும். கம்பெனியைச் சேர்க்காமல் பார்ட்னர்கள் மேல் மட்டும் போட்டாலும் செல்லும் என்று தனசிங் பிரபு வழக்கில் (2025) உச்ச நீதிமன்றம் நம் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பை மாற்றியது உண்மை. அது ஏற்கெனவே விட்டவர்களுக்கு உதவி. இப்போது தொடங்குகிறவர் எல்லாருக்கும் தனித்தனி நோட்டீஸ் அனுப்பிவிடுவதே நல்லது.

புதுச் சட்டக் கேள்வி: பி.என்.எஸ்.எஸ். 223-ல் எதிரியைக் கேட்காமல் வழக்கைக் கோப்பில் எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. 01.07.2024-க்குப் பிறகு பல கோர்ட்டில் செக் கேஸுக்கும் இதற்காகவே முதல் நோட்டீஸ் அனுப்பி மாதக் கணக்கில் வாய்தா போனது. 25.09.2025 அன்று உச்ச நீதிமன்றத்தின் சஞ்சபிஜ் தாரி வழக்கில் 138 புகாருக்கு அந்தக் கட்டம் தேவையில்லை என்று தெளிவாகிவிட்டது. இன்னமும் சில இடத்தில் பழைய பழக்கத்தில் நோட்டீஸ் உத்தரவு வரலாம், தீர்ப்பு நகலைப் புகாரோடு வைத்துவிடுங்கள்.

பேங்க்_கவுண்டர்

சார் சொன்னதோடு சில நடைமுறை விஷயங்கள்.

மெமோவில் செக் எண், தொகை, திரும்பிய தேதி, காரணம் நான்கும் சரியாக இருக்கிறதா, கிளை முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கம்ப்யூட்டர் பிரின்ட்டை மட்டும் கொடுத்து அனுப்புவது சகஜம். ஒரு வருஷம் கழித்துப் போய் சீல் கேட்டால் அப்போதைய மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது.

04.10.2025 முதல் செக் க்ளியரிங் பகல் முழுக்கத் தொடர்ச்சியாக நடக்கிறது, அன்றே பாஸா ரிட்டர்னா என்று தெரிந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு அதே நாளில் எஸ்.எம்.எஸ். வந்தது. முன்பெல்லாம் இரண்டு மூன்று நாள் இடைவெளி இருந்தது, அந்த நினைப்பில் 30 நாளைக் கணக்குப் போடாதீர்கள்.

செக்கை வேறு ஊர்க் கிளையில் போட்டிருந்தாலும் கணக்கு இருக்கும் ஹோம் பிராஞ்ச்தான் கணக்கு. பாஸ்புக் முதல் பக்க நகலையும் பைலில் வையுங்கள், எல்லையைக் காட்ட அதுவே போதும்.

காரணம் "பேமென்ட் ஸ்டாப்டு பை டிராயர்" என்றோ "சிக்னேச்சர் டிஃபர்ஸ்" என்றோ வந்திருந்தாலும் 138 போகும். திரும்பப் போடுவதானால் முன்கூட்டி உங்கள் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நோட்டீஸ் அனுப்பிய பிறகு அதே செக்கை மறுபடி பேங்கில் கொடுத்து, எந்த மெமோவுக்கு எந்த நோட்டீஸ் என்று குழப்பிக்கொண்டவர்கள் நிறைய.

டேலி_கணக்கு

அந்த 80,000-ஐ டேலி கணக்கு சாஃப்ட்வேரில் எப்படி ஏற்றியிருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்க. ரிசீட் போடும்போது பில்வாரியாக "அகெய்ன்ஸ்ட் ரெஃபரன்ஸ்" என்று ஜூலை பில் எண்ணைக் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் செய்தியும் லெட்ஜரும் ஒன்றுக்கொன்று பொருந்தும். "ஆன் அக்கவுன்ட்" என்று விட்டிருந்தால் எந்த பில்லிலும் கழியாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். அதைவிட மோசம், கவனிக்காமல் செப்டம்பர் பில்லில் போட்டிருப்பது. லெட்ஜர் நகலை நீங்களே கோர்ட்டில் தாக்கல் பண்ணி, அது உங்களுக்கே எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

தொங்கிக்கொண்டிருந்தால், செய்தியைக் காரணமாக எழுதி இன்றைய தேதியில் ஜர்னல் போட்டு ஜூலை பில்லுக்கு மாற்றுங்கள். அக்டோபர் பதிவைப் போய்த் திருத்தாதீர்கள். ஆடிட்டரிடம் போயிருக்கும் பேக்கப்பில் பழையபடியே இருக்கும்.

இன்னொன்று, உங்கள் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தை எடுத்துப் பாருங்கள். அவர்கள் வருமான வரி 194சி பிரிவில் உங்கள் பான் எண்ணுக்கு டி.டி.எஸ். கட்டியிருந்தால் அந்த பில்லை அவர்களே கணக்கில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. "துணி டேமேஜ், பில்லையே நாங்க ஒத்துக்கலை" என்று பின்னால் சொல்கிறவர்களுக்கு அதுதான் பதில். டெலிவரி சலானில் அவர்கள் ஆள் கையெழுத்துப் போட்ட நகல்களையும் பில்லோடு சேர்த்து வரிசைப்படுத்துங்க.

நிட்டிங்_ஜாப்ஒர்க் (திருப்பூர்)

பார்த்தேன், "ஆன் அக்கவுன்ட்"தான் இருக்கிறது. ஜர்னல் போட்டுவிடுகிறேன். நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில்தானே? தபால் ஆபீஸில் அது இப்போது இல்லை என்கிறார்கள். வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் போதுமா? கேஸ் முடிய எவ்வளவு நாள் ஆகும், நடுவில் ஏதாவது பணம் கிடைக்குமா?

கொங்கு_வக்கீல்

பதிவுத் தபால் 01.09.2025 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்ட் புக் பண்ணும்போது "ரெஜிஸ்ட்ரேஷன்" என்ற கூடுதல் சேவையைக் கேட்டு வாங்க வேண்டும், 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அது இருந்தால்தான் முகவரிதாரரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் கொடுப்பார்கள். வெறும் ஸ்பீடு போஸ்ட் என்றால் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். நோட்டீஸ் கிடைத்ததாக அனுமானிக்கும் பொதுச் சொற்றொடர்கள் சட்டம் 27-வது பிரிவு பதிவுத் தபாலைத்தான் சொல்கிறது. இந்த 5 ரூபாயை விட்டுவிட்டு, இது பதிவுத் தபாலே இல்லை என்ற வாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். டெலிவரி அத்தாட்சியும் சேர்த்துக் கேளுங்கள்.

கம்பெனி முகவரி, பார்ட்னர்கள் வீட்டு முகவரி எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கும் முகவரியும் பில்லில் இருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் இரண்டுக்கும். டிராக்கிங் பக்கத்தை டெலிவரி ஆன அன்றே பிரின்ட் எடுத்துவிடுங்கள், சில மாதத்தில் அந்த விவரம் தளத்தில் கிடைக்காது. "கதவு பூட்டியிருந்தது", "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். முகவரி சரியாக இருந்தால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், அலவி ஹாஜி தீர்ப்பு (2007).

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: பகுதி ஏ-வை நீங்கள் கொடுக்கிறீர்கள், பகுதி பி-யை நிபுணர் கொடுக்கிறார், ஹேஷ் மதிப்பும் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) குறிக்க வேண்டும். சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவில் வைத்து, எந்தப் போன், என்ன மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் என்ன என்று இப்போதே குறித்து வையுங்கள். உங்கள் கேஸே அந்த ஒரு வரியில் நிற்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நாள் கணக்கை நான் உறுதி சொல்ல மாட்டேன். சட்டம் 6 மாதத்தில் முடிக்கப் பார்க்கச் சொல்கிறது, நடப்பது அப்படியில்லை. பெரும்பாலும் சம்மன் எதிரியிடம் போய்ச் சேராமல்தான் கேஸ் கிடக்கிறது. சஞ்சபிஜ் தாரி தீர்ப்பில் புகார்தாரரே சம்மனைக் கையில் வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இடைக்காலப் பணம்: எதிரி குற்றத்தை மறுத்த பிறகு 143ஏ-யில் செக் தொகையில் 20 சதவீதம் வரை, உங்களுக்கு 96,000 வரை, மனுப் போட்டுக் கேட்கலாம். கட்டாயமில்லை, மாஜிஸ்திரேட் காரணம் எழுதி முடிவெடுப்பார் என்று 2024-ல் ராகேஷ் ரஞ்சன் ஸ்ரீவஸ்தவா வழக்கில் சொன்னார்கள். அதனால் மனுவில் பில், சலான், 26ஏ.எஸ். எல்லாம் காட்டி உங்கள் கேஸ் வலுவானது என்று நிறுவ வேண்டும், நாலு வரி மனு உதவாது. தண்டனை ஆகி அவர்கள் அப்பீல் போனால் 148-ல் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம்.

பெரும்பாலான கேஸ் சமரசத்தில்தான் முடியும். இப்போதைய வழிகாட்டுதல்படி எதிர்த்தரப்புச் சாட்சியம் பதிவாகும் முன் முழுத் தொகையும் கட்டினால் கூடுதல் செலவு இல்லை. அதற்குப் பிறகு தீர்ப்புக்கு முன் என்றால் 5 சதவீதம், செஷன்ஸிலோ ஹைகோர்ட்டிலோ 7.5, உச்ச நீதிமன்றத்தில் 10. இந்தத் தொகை சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போவது, உங்களுக்கு வராது. மீடியேஷனில் தவணை பேசினால், ஒரு தவணை தவறினாலும் கேஸ் தொடரும் என்று எழுதி வாங்குங்கள்.

டேலி_கணக்கு

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறதா? வேலை செய்து கொடுப்பதற்கு முன்பே பதிவு எடுத்திருந்தால் ஜூலை பாக்கி 32,000-ஐயும் விட வேண்டாம். எம்.எஸ்.எம்.இ. சட்டம் 15-வது பிரிவுப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால் 16-வது பிரிவில் ரிசர்வ் பேங்க் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு. இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளைக் கேட்கும் கோயம்புத்தூர் மண்டலக் கவுன்சிலில் ஆன்லைனில் மனுப் போடலாம். வருமான வரி 43பி(எச்)-படி மார்ச் முடிவில் அந்த பாக்கியை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. இதை அவர்கள் ஆடிட்டர் காதில் போட்டாலே சில இடத்தில் பணம் வந்துவிடுகிறது.

கொங்கு_வக்கீல்

சரியான யோசனை. 138 நோட்டீஸிலேயே இதைக் கலக்காதீர்கள், 32,000-க்குத் தனிக் கடிதம் அனுப்புங்கள். சிவில் வழக்குக்கு ஒவ்வொரு பில்லுக்கும் 3 வருடம், கோர்ட் கட்டணம் 3 சதவீதம் என்பதையும் குறித்து வையுங்கள். செக் கேஸ் நடக்கிறது என்பதற்காக அந்த 3 வருடம் நிற்காது. ஜூலை பில்லுக்கு 80,000 வந்தது 17.10.2025-ல், அவர்களே எழுத்தில் அனுப்பிய செய்தியோடு. அந்த பில்லுக்குக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடுகிறது என்று வாதிட இடம் உண்டு, ஆனாலும் பில் தேதியிலிருந்தே எண்ணி 2028 ஜூலைக்கு முன் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.